இடது முன்னங்கால்

நாற்பது நாள் என்று கொட்டகைச் சுவரில் கோடு கிழித்தேன்.
முதல் பத்து நாள் நடை மட்டும்.
அத்பாஷி ஆற்றங்கரை நெடுகச் சகதி.
வீடு திரும்பும்போது என் பூட்ஸில் ஒரு கிலோ,
துமானின் நாலு குளம்பிலும் ஊர் வயலில் பாதி.

துமான் என்றால் மூடுபனி.
விற்றவன் வைத்த பெயர்.
கயிற்றை அவிழ்த்தால் எங்கே போனான் என்றே தெரியாது,
இதைப் பணம் எண்ணி வாங்கிய பிறகு சொன்னான்.

பதினோராம் நாளிலிருந்து ஏற்றம்.
மேலே போய் இறங்கி, கம்பளியைப் போர்த்தி,
கழுத்தில் வழியும் வியர்வையை விரலால் தொட்டு
நாக்கில் வைப்பேன்.
மே மாதத் தொடக்கத்தில் கரிப்பு, பிசுபிசுப்பு.
முப்பதாம் நாள் சுவையே இல்லை,
பாறையில் கசிகிற தண்ணீர் போல.
அன்றைக்குத்தான் பதிவுக் கட்டணத்தைக் கட்டினேன்.

மூன்று பகல், இரண்டு இரவு, நூற்றிருபது கிலோமீட்டர்,
மூன்று கணவாய். நடுவிலுள்ளதில் ஜூனிலும் பனி
குதிரையின் வயிறு வரைக்கும்.
"பள்ளிக்கூடத்தில் கணக்கெழுதுகிறவளுக்கு எதற்கு இது?"
என்று காலிபா கேட்டாள்.
அவளிடம் ஒரு பதில் சொன்னேன்.
எனக்கென்று இன்னொன்று வைத்திருந்தேன்.
இரண்டும் இப்போது நினைவில்லை.

கணக்கென்றால் கணக்குதான்.
மாவு மில் தராசில் எல்லாவற்றையும் ஏற்றினேன்.
சேணம் ஒன்பது கிலோ எழுநூறு.
உதிரி லாடம் ஒன்று, ஆணி பன்னிரண்டு, சுத்தியல்.
தார்ப்பாய். உப்புக்கட்டி. ஊசி, மெழுகு நூல்.
குருத், அந்தக் காய்ந்த தயிர் உருண்டை, அறுபது;
வாயில் ஒன்று போட்டால் ஒரு கணவாய் தாங்கும்.
வாற்கோதுமை அவனுக்கு, எனக்கல்ல என்று
மூட்டையில் கரியால் எழுதினேன்,
மூன்றாம் நாள் பசியில் மறந்துவிடக்கூடாதென்று.
பல் துலக்கும் பிரஷின் காம்பைப் பாதியில் அறுத்தபோது
மில்காரன் உஸென் சிரித்தே விட்டான்.
ஆறு கிராம், உஸென்.
சுமக்கப் போவது நீயில்லை.
மாஸ்கோவிலிருந்து கணவர் அனுப்பிய டார்ச்சை
ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி,
கடைசியில் மேசைமேல் வைத்துவிட்டேன்.
நானூற்றுப் பத்து கிராம். நிலா வளர்பிறை.

முப்பத்தெட்டாம் நாள் ஒமுர்பெக் லாடம் அடித்தான்.
வாயில் ஆணிகளைக் கவ்வியபடியே கூலி சொன்னான்;
எனக்குக் கேட்ட தொகையைக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை, பழக்கத்தில்,
நாலு காலையும் தடவிக்கொண்டே வந்தேன்.
வலது முன்னங்கால் ஆற்றுக்கல் குளிர்ச்சி.
பின்னங்கால்கள் இரண்டும் அப்படியே.
இடது முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே,
உள்ளங்கை அகலத்துக்கு,
அப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலி மாதிரி
ஒரு சூடு.

உறுதியாய்ச் சொல்ல முடியாது.
கையைக் கழுவித் துடைத்துத் திரும்ப வைத்தேன்.
புறங்கையை வைத்தேன். கன்னத்தை வைத்தேன்.
கன்னம் சூடாகத்தான் இருந்தது.
கால் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு முழுக்க ஓடையில் நின்றோம்.
பனி உருகிய நீர். எனக்கு முழங்கால் வரை,
அவனுக்கும் முழங்கால் வரை.
பாதம் மரத்துப்போன பின்
என் கால் எது, ஓடை எது, பிரியவில்லை.
ஒருமுறை தூங்கிப்போய் என் தோளில்
தாடையைச் சாய்த்தான்.
சேணத்தைவிடக் கனம்.

காலையில் முகாம் புல்வெளி. நாற்பத்தாறு குதிரைகள்.
மருத்துவர் ஜெக்ஷென் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்
கைக்கடிகாரம் பார்த்து "முப்பத்தாறு" என்றார்.
"தூங்குகிறானா?"
ஈறை அழுத்தினார். தோலைக் கிள்ளி விட்டார்.
கால்களையும் தொட்டார், ஒவ்வொன்றாய்.
இடதில் கொஞ்சம் கூடுதலாய் நின்றாரா,
குனிந்த முதுகைப் பார்த்துத் தெரியவில்லை.
சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.
"ஓட்டிக் காட்டு, சைகல். அந்தச் சிவப்புக் கொடி வரைக்கும்."

விதி இதுதான்: நான் முன்னே ஓட வேண்டும்,
கயிறு தளர்வாக, திரும்பிப் பார்க்காமல்.
ஓடுகிறேன்.
புல்லில் விழும் குளம்பு கேட்காது.
கொடிக்கு முன்னால் ஒரு பத்தடி மட்டும்
சரளைக்கல் தரை.

அது வருகிறது.